வட்ட ஊசியில் பின்னல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேர் ஊசியில் நன்றாகப் பின்னத் தெரிந்தவர்கள்கூட முதன்முதலாக வட்ட ஊசியைக் கையில் எடுக்கும்போது தடுமாறுகிறார்கள். வகுப்பிலும் வாட்ஸ்அப்பிலும் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணத்துக்கு எல்லா இடத்திலும் பெரியவர்கள் போடும் சாதாரணக் குளிர்த் தொப்பியையே எடுத்துக்கொண்டேன். கண்ணி என்று சொல்வது ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையத்தையும். தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு சுற்று. வட்ட ஊசி என்பது இரண்டு குட்டை ஊசி முனைகளை ஒயரால் இணைத்தது. நம்மைப் பார்க்கும் பக்கம் வழவழப்பாக விழும் கண்ணி நிட், மேடாக விழுவது பர்ல். இரண்டையும் மாறி மாறிப் போட்டு வரும், இழுத்தால் விரியும் பட்டை ரிப்.

வட்ட ஊசி வாங்கணும். என்ன நீளம், என்ன நம்பர் கேட்கணும்?

தொப்பிக்கு 40 செ.மீ., அதாவது 16 அங்குல ஊசி. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளந்தால் வரும் நீளம் அது. பின்னலின் சுற்றளவு ஊசியின் நீளத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். கண்ணிகளை நெருக்கி அடைக்கலாம், இழுத்து நீட்ட முடியாது. 60 செ.மீ. ஊசியில் தொப்பி தொடங்குபவர்கள் முதல் சுற்றிலேயே இரண்டு முனைகளும் சேராமல் திணறுவது இதனால்தான். ஒரே ஒரு ஊசிதான் வாங்க முடியும் என்றால் 100 செ.மீ. வாங்குங்கள். அதில் மேஜிக் லூப் முறையில் எந்தச் சுற்றளவும் பின்னலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நம்பரில் கவனம் தேவை. நம் கடைகளில் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் நம்பர்தான். அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும்: 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ. அமெரிக்க நம்பர் நேர் எதிர். அங்கே 8 என்றால் 5 மி.மீ. யூடியூப்பில் அமெரிக்கக்காரர் சொல்லும் '8'ஐ இங்கே கடையில் கேட்டு வாங்கினால் தொப்பி குழந்தைக்குத்தான் ஆகும். மி.மீ. கணக்கிலேயே கேளுங்கள்.

புது ஊசியோட ஒயர் சுருண்டு சுருண்டு கைக்குள்ள மாட்டுது. பழகப் பழகச் சரியாயிடுமா?

பழகும்வரை காத்திருக்க வேண்டாம். ஒயர் பகுதியை மட்டும் சூடான தண்ணீரில் சிறிது நேரம் போட்டு எடுத்து, நேராக இழுத்துப் பிடித்து ஆறவிடுங்கள். சுருள் போய்விடும்.

எத்தனை கண்ணி போட்டா என் தலைக்குச் சரியா இருக்கும்?

முதலில் அதே நூல், அதே ஊசியில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி வருகிறது என்று பாருங்கள். தலைச் சுற்றளவு 22 அங்குலம் என்றால் தொப்பி அதைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவாக இருக்க வேண்டும், அப்போதுதான் பிடித்து நிற்கும். 20 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 5 கண்ணி என்றால் 100.

ஆனால் 100 போடாதீர்கள். கீழ்ப் பட்டைக்கு இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று ரிப் போட்டால் கண்ணி எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். உச்சியை எட்டுப் பாகமாகக் குறைத்தால் எட்டாலும் வகுபட வேண்டும். 96 இரண்டுக்கும் ஒத்துவரும். இரண்டு கண்ணி மிஞ்சிப்போய் ரிப் சேருகிற இடத்தில் நான்கு நிட் ஒன்றாக நிற்கும் தொப்பிகளை நிறையப் பார்க்கிறேன். முன்பே வகுத்துப் பார்த்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

கண்ணி ஏற்றும்போது இறுக்கமாக ஏற்றுகிறவர்கள் ஓர் அளவு பெரிய ஊசியில் ஏற்றிவிட்டு, பிறகு உரிய ஊசிக்கு மாறலாம். விளிம்பு விரியாவிட்டால் மேலே எவ்வளவு அழகாகப் பின்னியும் தலைக்குள் இறங்காது.

சேர்க்கும்போது முறுக்கிடக் கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. முறுக்கி இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கண்ணிகளை ஏற்றியதும் ஊசியை மேசைமேல் வட்டமாக வையுங்கள். ஒவ்வொரு கண்ணிக்கும் கீழே முடிச்சு முடிச்சாக ஒரு விளிம்பு தெரியும். அந்த விளிம்பு வட்டம் முழுக்க உள்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். விரலால் தொடக்கத்திலிருந்து கடைசி வரை தடவிக்கொண்டே போங்கள். எங்காவது அது ஒயரின் மேலேறி வெளிப்பக்கம் போனால் அங்கே முறுக்கு இருக்கிறது. இரவில், கறுப்பு நூலில், டிவி பார்த்துக்கொண்டே இந்த வேலையைச் செய்யாதீர்கள். வட்டப் பின்னலில் முழுக் கவனம் கேட்கும் இடம் இது ஒன்றுதான்.

எனக்குப் பிடித்த வழி வேறு. முதல் இரண்டு வரிசைகளைச் சேர்க்காமல் நேராக, திருப்பித் திருப்பிப் பின்னிவிட்டு அப்புறம் சேருங்கள். கொஞ்சம் துணி இருந்தால் அது தானாகத் தொங்கும், முறுக்கு இருந்தால் பார்த்ததுமே தெரியும். கீழே திறந்திருக்கும் சின்ன இடைவெளியை, கண்ணி ஏற்றும்போது விட்ட நுனி நூலால் கடைசியில் தைத்துவிடலாம். புதிதாகத் தொடங்கும் எல்லோருக்கும் நான் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

முறுக்கிடுச்சு. நாலு சுற்று பின்னின பிறகுதான் பார்த்தேன். அடுத்தடுத்த சுற்றுல சரியாயிடாதா அக்கா?

சரியாகாது. எத்தனை சுற்றுப் பின்னினாலும் அந்த முறுக்கு அப்படியே இருக்கும். பிரித்துவிட்டு மறுபடி கண்ணி ஏற்றுவது தவிர வழியில்லை. கழுத்தில் போடும் வளைய மப்ளர் என்றால் முறுக்கோடு விடலாம், சிலர் அழகுக்காக வேண்டுமென்றே அப்படிப் பின்னுவார்கள். தொப்பியில் முடியாது.

முதல் சுற்று முடிந்து இரண்டாவது தொடங்கும் முன் பார்த்துவிட்டால் மட்டும் தப்பிக்கலாம். அப்போது முதல் கண்ணிக்கும் கடைசிக் கண்ணிக்கும் நடுவே ஒரே ஓர் இழைதான் ஓடுகிறது. ஊசியில் உள்ள கண்ணிகளைச் சுழற்றி முறுக்கை அந்த இழைக்குத் தள்ளிவிட்டால் அது அங்கே மறைந்துவிடும். அதனால்தான் முதல் சுற்று முடிந்ததும் எல்லோரையும் நிறுத்தி, இன்னொரு முறை விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொல்கிறேன்.

சேர்த்த இடத்துல மட்டும் லூசா ஒரு படிக்கட்டு மாதிரி தெரியுது.

கண்ணி ஏற்றும்போது ஒன்று அதிகமாக ஏற்றுங்கள். 96 வேண்டுமென்றால் 97. சேர்க்கும் நேரத்தில் கடைசியாக ஏற்றிய கண்ணியை இடது ஊசிக்கு மாற்றி, முதல் கண்ணியோடு சேர்த்து ஒன்றாகப் பின்னிவிடுங்கள். இடைவெளி மூடிக்கொள்ளும். ஏற்கெனவே பின்னி முடித்தாயிற்று என்றால் நுனி நூலைக் கோத்து இழுத்துத் தைத்தாலே போதும்.

எல்லாச் சுற்றும் நிட் மட்டும்தான் போட்டேன். நேர் ஊசியில மேடு மேடா வருமே, இதுல வழவழன்னு வருதே?

நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. நேர் ஊசியில் ஒவ்வொரு வரிசைக்கும் துணியைத் திருப்புகிறோம். நிட் கண்ணியின் பின்பக்கம் பர்ல் என்பதால் ஒரு வரிசை வழவழப்பு, ஒரு வரிசை மேடு என்று மாறி மாறி வருகிறது. வட்ட ஊசியில் திருப்புவதே இல்லை, வெளிப்பக்கம் எப்போதும் நம்மைப் பார்த்தே இருக்கிறது. அதனால் நிட் மட்டும் போட்டால் வழவழப்பு மட்டும். மேடு மேடாக வேண்டுமென்றால் ஒரு சுற்று நிட், அடுத்த சுற்று பர்ல்.

இதை மனதில் வாங்கிக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

கீழ் விளிம்பு பாய் மாதிரி சுருண்டு மேல வருது. அயர்ன் பண்ணா நிக்குமா?

நிற்காது. வழவழப்புப் பின்னலுக்குச் சுருளுவது இயல்பு. முதல் ஒன்றரை, இரண்டு அங்குலம் ரிப் போட்டுத் தொடங்கினால் சுருளாது. அக்ரிலிக் உல்லன் நூலில் சூடான இஸ்திரியை வைக்கவே வைக்காதீர்கள். இழை தளர்ந்து தொய்ந்துபோனால் பிறகு மீளாது.

பின்னப் பின்ன நல்ல பக்கம் உள்ளே போகுது, மேடு பக்கம் வெளியே தெரியுது. எங்க தப்பு?

ஊசியின் இரண்டு முனைகளும் உங்களுக்கு எதிர்ப்பக்கம், தூரத்தில் இருக்கும். வட்டத்தின் உள்ளே எட்டிப் பார்த்தபடி பின்னிக்கொண்டிருப்பீர்கள். எதையும் பிரிக்க வேண்டாம். துணி முழுவதையும் ஊசி வட்டத்துக்கு நடுவே தள்ளி மறுபக்கம் எடுத்துவிடுங்கள். இப்போது முனைகள் உங்கள் நெஞ்சருகே இருக்கும், துணி அந்தப் பக்கம் போயிருக்கும். அப்படியே தொடருங்கள். பின்னல் ஒன்றும் மாறாது.

நடுவுல சமைக்கப் போயிட்டு வந்து தொடர்ந்தேன். ஒரு இடத்துல ஓட்டை, ஒரு பக்கம் மட்டும் உயரமா இருக்கு.

ஊசியை மாற்றிப் பிடித்து, வந்த வழியே திரும்பிப் பின்னிவிட்டீர்கள். திரும்பிய இடத்தில்தான் அந்த ஓட்டை. அதுவரை பிரித்துத்தான் ஆக வேண்டும்.

மறுபடி எடுக்கும்போது உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறது என்று மட்டும் பாருங்கள். அது வலது கை ஊசியில் இருக்க வேண்டும். சுற்றின் நடுவிலேயே நிறுத்தலாம், அதில் தவறில்லை. கண்ணிகளை முனையிலிருந்து ஒயருக்குத் தள்ளிவிட்டுப் போங்கள், உருவிக்கொள்ளாது.

96 போட்டேன், இப்ப எண்ணினா 99 இருக்கு. நான் எதுவும் கூட்டவே இல்லையே!

ரிப் பின்னும் பகுதியிலா என்று முதலில் கேட்பேன். பெரும்பாலும் ஆமாம் என்பார்கள். பர்ல் முடித்து நிட்டுக்குப் போகும்போது நூலை இரண்டு முனைகளுக்கு நடுவே பின்னால் கொண்டுபோக வேண்டும். மறந்துவிட்டால் நூல் ஊசியின் மேலேறிப் போகும், அடுத்த சுற்றில் அது ஒரு கண்ணி போலவே நிற்கும். கூர்ந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும்: உண்மையான கண்ணிக்குக் கீழே அதைத் தாங்கும் இன்னொரு கண்ணி இருக்கும், இந்தப் போலிக்குக் கீழே வெறும் இழைதான். அடுத்த சுற்றிலேயே கண்டுபிடித்தால் ஊசியிலிருந்து இறக்கிவிடுங்கள். அந்தத் தளர்வு பக்கத்துக் கண்ணிகளில் கலந்துவிடும்.

இன்னொரு காரணம், ஊசி நூலுக்குள் குத்தி இழை பிரிந்து ஒன்று இரண்டாகத் தெரிவது. பளபளப்பான, முறுக்குக் குறைந்த நூலில் இது அடிக்கடி நடக்கும். முனையை நூலின் அடியில் விட்டு எடுக்கப் பழகுங்கள்.

எண்ணிக்கை குறைந்திருந்தால் ஒரு கண்ணி நழுவியிருக்கும். நழுவிய இடத்துக்கு மேலே ஏணிப்படி போல வெறும் இழைகள் தெரியும். குரோஷா ஊசியை முன்பக்கமிருந்து நழுவிய கண்ணிக்குள் விட்டு, ஒவ்வொரு இழையாக அடியிலிருந்து மேலே இழுத்து ஏற்றினால் முடிந்தது. இதற்காக யாரும் தொப்பியைப் பிரிக்க வேண்டாம்.

தொடக்கத்துக்கு அடையாளமா ஊசியில மாட்டின மார்க்கர் கழன்று விழுந்துடுச்சு. சுற்று எங்க தொடங்குதுன்னு தெரியலை.

கண்ணி ஏற்றியபோது விட்ட நுனி நூல் கீழே தொங்குமே, அதற்கு நேர் மேலே ஒரே கண்ணித் தொடராக ஏறி வாருங்கள். அதுதான் தொடக்கம். ரிப்பில் இது இன்னும் சுலபம். அடுத்த முறை கடையில் வாங்கும் மார்க்கரே வேண்டும் என்பதில்லை, வேறு நிறத்தில் ஒரு துண்டு நூலை வளையமாக முடிச்சுப் போட்டாலே போதும்.

உச்சியில குறைக்க ஆரம்பிச்சேன். கண்ணி குறையக் குறைய ஊசியில எட்டவே மாட்டேங்குது.

முதல் பதிலில் சொன்ன அதே கணக்குதான்: இப்போது சுற்றளவு ஊசியைவிடச் சிறியதாகிவிட்டது. இரண்டு வழி உண்டு. ஒன்று, இரு முனையும் கூரான குட்டை ஊசிகள். கண்ணிகளை மூன்று அல்லது நான்கு ஊசிகளில் பிரித்து வைத்து, இன்னோர் ஊசியால் பின்னுவது. இது மிகப் பழைய முறை. ஜெர்மனியில் ஹாம்பர்க் அருங்காட்சியகத்தில் மிண்டனைச் சேர்ந்த பெர்ட்ராம் என்ற ஓவியர் 1400ஆம் ஆண்டை ஒட்டித் தீட்டிய பலிபீட ஓவியம் இருக்கிறது. அதில் மரியாள் உட்கார்ந்து, குழந்தை இயேசுவின் சட்டைக்குக் கழுத்துப் பகுதியை இப்படிப் பல ஊசிகளில் வட்டமாகப் பின்னிக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று மேஜிக் லூப். 100 செ.மீ. ஊசியில் கண்ணிகளை இரண்டு பாதியாகப் பிரித்து, நடுவே ஒயரை வளையமாக வெளியே இழுத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு பாதியைப் பின்னுவது. கைக்குப் புதிதாக நாலைந்து முனைகள் குத்துவது பிடிக்காதவர்களுக்கு இதுவே நல்லது என்பேன். கடைசியில் எட்டுக் கண்ணி மிஞ்சும்போது நூலை வெட்டி, தைக்கும் ஊசியில் கோத்து, எட்டுக்குள்ளும் விட்டு இழுத்து உள்பக்கம் முடிச்சிடுங்கள்.

ஊசி மாறுற இடத்துல எல்லாம் மேலிருந்து கீழ வரைக்கும் கோடு கோடா இடைவெளி.

எல்லோரும் புது ஊசியின் முதல் கண்ணியை இறுக்குகிறார்கள். இரண்டாவது கண்ணியைப் பின்னியதும் நூலை இழுத்துப் பாருங்கள், முதலாவது தானாக இறுகும். மேஜிக் லூப்பில் ஒயரை அளவுக்கு மேல் அகட்டி இழுத்தாலும் இந்தக் கோடு விழும். அப்படியும் வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பிரிக்கும் இடத்தை இரண்டு கண்ணி தள்ளித் தள்ளி வையுங்கள். லேசான கோடு முதல் அலசலில் மறைந்துவிடும்.

கண்ணி எல்லாம் சரியா இருக்கு, ஆனா துணி மொத்தமும் ஒரு பக்கமா சாயுது. ஏன்?

கண்ணியை அருகில் வைத்துப் பாருங்கள். நல்ல நிட் கண்ணி V போல, இரு கால்களும் அடியில் ஒன்றையொன்று தாண்டாமல் தெரியும். உங்களுடையதில் கால்கள் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால், கண்ணியின் பின்காலில், அதாவது ஊசிக்குப் பின்னால் நிற்கும் காலில், ஊசியை விட்டுப் பின்னுகிறீர்கள். எல்லாக் கண்ணியும் ஒரே பக்கம் முறுகும்போது துணியும் சாயும்.

இதில் பலரை ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. சிலருக்கு பர்ல் போடும்போது நூலை எதிர்த்திசையில் சுற்றும் பழக்கம் இருக்கும். அது கண்ணியை ஊசியில் மாற்றி உட்கார வைக்கும். அடுத்த வரிசையில் பின்காலில் பின்னினால் நேராகிவிடும். நேர் ஊசியில் இது ஒழுங்கான பின்னல்தான், தப்பே தெரியாது. வட்ட ஊசியில் பர்ல் வரிசையே இல்லாததால் கண்ணிகள் சரியாகவே உட்கார்ந்திருக்கும். பழக்க தோஷத்தில் பின்காலில் பின்னினால் அத்தனையும் முறுகும். ஊசியின் முனைக்கு அருகே எந்தக் கால் நிற்கிறதோ அதில் பின்னுங்கள், இரண்டு முறையிலும் அதுவே சரி.

கண்ணி சரியாக இருந்தும் சாய்ந்தால் நூல்தான் காரணம். ஒற்றைப் புரி நூலில் இருக்கும் முறுக்கு துணியையும் இழுக்கும். திருப்பூரில் பனியன் துணி வட்ட நிட்டிங் மெஷினில்தான் குழாயாக வருகிறது, அங்கேயும் இதே தலைவலி உண்டு. நாலு முறை துவைத்த டி-சர்ட்டின் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் நகர்ந்து வருவது இதனால்தான். கையில் பின்னும்போது இரண்டு, மூன்று புரி சேர்த்து முறுக்கிய நூலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கலர் மாத்துற இடத்துல கோடு ஒட்டாம ஒரு படி ஏறி நிக்குது.

வட்டப் பின்னல் உண்மையில் சுருள் போல ஏறிக்கொண்டே போகிறது, ஒரு சுற்றின் முடிவு அதன் தொடக்கத்தைவிட ஒரு படி மேலேதான் இருக்கும். புது நிறத்தில் ஒரு சுற்று முழுக்கப் பின்னுங்கள். இரண்டாவது சுற்றின் முதல் கண்ணியை மட்டும் பின்னாமல், பர்ல் போடுவது போல ஊசியை விட்டு வலது ஊசிக்கு மாற்றிவிட்டு மற்றவற்றைப் பின்னுங்கள். படி கண்ணுக்குத் தெரியாது. ஒரே ஒரு சுற்று அகலமுள்ள கோடுகளுக்கு இது உதவாது.

மாதிரித் துண்டு பின்னி அளந்துதான் போட்டேன். அப்படியும் தொப்பி சின்னதா வந்துடுச்சு.

மாதிரித் துண்டை நேராக, திருப்பித் திருப்பிப் பின்னியிருப்பீர்கள். பலருக்கு பர்ல் வரிசை நிட்டைவிடத் தளர்வாக விழும். வட்டத்தில் பர்ல் வரிசை இல்லை, எல்லாமே நிட், எல்லாமே இறுக்கம். தலை முழுக்கச் சுற்றி வரும்போது அந்தச் சின்ன வித்தியாசம் ஓர் அங்குலத்துக்கு மேலேயே போகலாம்.

மாதிரியையும் நிட் மட்டும் போட்டே பின்னுங்கள். முப்பது கண்ணி ஏற்றி ஒரு வரிசை நிட். திருப்பாமல், கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்பக்கம் தாராளமாகத் தளரவிட்டு, மறுபடி வலது ஓரத்திலிருந்து நிட். பின்னால் நீள நீளமாக இழைகள் தொங்கும், தொங்கட்டும். ஓரக் கண்ணிகளை விட்டுவிட்டு நடுவில் அளந்து பாருங்கள். அலசிக் காயவைத்த பிறகு அளந்தால் இன்னும் நல்லது.

நேர் ஊசிக்கு எழுதின டிசைன் ஒண்ணு பிடிச்சிருக்கு. வட்டமா மாத்திப் பின்னலாமா?

மாற்றலாம். தையலுக்காக இரு ஓரத்திலும் விட்ட கண்ணிகளைக் கழித்துவிடுங்கள், இங்கே தையல் இல்லை. டிசைன் முழுதாகத் திரும்பத் திரும்ப வரும்படி எண்ணிக்கை வகுபடுகிறதா பாருங்கள். பின்பக்க வரிசை என்று எழுதியிருப்பதில் நிட் இருந்தால் பர்ல், பர்ல் இருந்தால் நிட் என்று மாற்றி, கடைசியிலிருந்து முன்னோக்கிப் படியுங்கள். கட்டம் போட்ட வரைபடம் என்றால் மாற்ற எதுவுமில்லை: எல்லா வரியையும் வலமிருந்து இடமாகவே படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முன்பக்கம் திறந்த ஸ்வெட்டரையும் வட்டமாப் பின்ன முடியும்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான். ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் தீவுகளிலும் நார்வேயிலும் உடம்பு முழுவதையும் குழாயாகப் பின்னிவிட்டு, முன்னால் சில கண்ணிகளை வெட்டுவதற்கென்றே கூடுதலாக விட்டு, அதன் இரு பக்கமும் தைத்துப் பலப்படுத்தி, நடுவே கத்தரியால் வெட்டித் திறப்பார்கள். பல நிற வேலைப்பாட்டைப் பின்பக்க வரிசை இல்லாமல் பின்ன அவர்களுக்கு அதுவே வசதி. அங்குள்ள ஆட்டு ரோம நூலில் இழைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும், வெட்டினாலும் அவ்வளவு சீக்கிரம் உருவாது. நம் கடைகளில் கிடைக்கும் வழுக்கலான அக்ரிலிக்கிலும் பருத்தி நூலிலும் அந்தப் பிடிப்பு கிடையாது. செய்து பார்க்க ஆசை இருந்தால் அசல் கம்பளி நூலில் ஒரு சின்னக் குழாய் பின்னி, தையல் மெஷினில் இரு பக்கமும் இரண்டிரண்டு ஓட்டு ஓட்டி, அதை முதலில் வெட்டிப் பாருங்கள்.